இருட்டுப் பயறு ஜெயித்ததா?

குட்டீஸ், ஒரு பந்தயம் வைக்கலாமா?

இரண்டு கிண்ணங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஈரப் பஞ்சு. ராத்திரி முழுக்க ஊறிய பச்சைப்பயறு, கிண்ணத்துக்குப் பத்து. ஒரு கிண்ணத்தை வெயில் எட்டிப் பார்க்கிற ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். இன்னொன்றை பெரிய பீங்கான் ஜாடிக்குள் இறக்கி மூடிவிடுங்கள். (பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் ஜாடியாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு துளி வெளிச்சம்கூட உள்ளே போகாது. ஆனால் அம்மாவின் ஊறுகாய் ஜாடியில் கை வைக்காதீர்கள்!) தினமும் சாயங்காலம் விளக்கில்லாத அறையில் ஜாடியைத் திறந்து, பஞ்சை மட்டும் நனைத்து, உடனே மூடிவிட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து எந்தக் கிண்ணத்துப் பயறு உயரமாக இருக்கும்?

"இதென்ன கேள்வி, வெயிலில் இருந்ததுதான்" என்று சொல்லியிருந்தால், பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள். ஜாடிக்குள் இருந்த பயறுதான் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். ஜன்னல் ஓரத்துப் பயறைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம்கூட இருக்கலாம். ஆனால் அதைத் தொட்டுப் பாருங்கள். நூல் மாதிரித் தண்டு. வெள்ளை வெளேர் என்று இருக்கும். இலைகள் விரியாமல், மஞ்சளாக, கை கூப்பினாற்போல மடங்கியிருக்கும். லேசாக ஊதினால் சாய்ந்துவிடும்.

அது சரி... சாப்பாடு போடும் சூரியனே இல்லாத இடத்தில் செடி எப்படி அதிகமாக வளர்ந்தது?

கட்டுச்சோற்று மூட்டை

ஒவ்வொரு விதையும் ஊருக்குப் புறப்படும்போது ஒரு கட்டுச்சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டுதான் புறப்படுகிறது. பயறில் நாம் சுண்டல் செய்து சாப்பிடுகிறோமே, அந்த இரண்டு பருப்புகள்தான் மூட்டை. நெல்லில் நாம் சோறாக்கிச் சாப்பிடுகிற அரிசி. இந்த மூட்டை தீர்வதற்குள் செடி தன் சமையலறையைத் திறந்தாக வேண்டும். அதாவது, பச்சை இலை விரித்து, வெளிச்சத்தைப் பிடித்து, சொந்தமாகச் சமைக்க ஆரம்பிக்க வேண்டும். திறக்காவிட்டால் பட்டினிதான்.

விதை முளைப்பது மண்ணுக்குள். அங்கே கும்மிருட்டு. மேலே எத்தனை அங்குலம் மண் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் அது ஒரு முடிவு எடுக்கிறது. இலைக்குச் செலவு செய்யாதே, பச்சை நிறத்துக்குச் செலவு செய்யாதே, தண்டைத் தடிமனாக்காதே. இருக்கிற சோற்றையெல்லாம் தண்டை நீட்டுவதில் போடு! எப்படியாவது மேலே போய்ச் சேர்! பயறு முளையின் தலை கொக்கிபோல வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதற்காகத்தான். நுனியில் இருக்கும் பிஞ்சு இலைகள் மண்ணில் உராய்ந்து கிழியாமல் இருக்க, தண்டின் முதுகு முன்னால் போய் மண்ணைத் தள்ளுகிறது.

ஜாடிக்குள் இருந்த பயறுக்கு, தான் ஜாடிக்குள் இருப்பது தெரியாது. இன்னும் மண்ணுக்குள் புதைந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. நாம் பார்த்த அந்த உயரம் வளர்ச்சி இல்லை, குட்டீஸ். அது தேடல். இரண்டு கிண்ணத்துப் பயறுகளையும் நன்றாகக் காயவைத்து எடை போட்டால் உண்மை தெரிந்துவிடும். இருட்டுப் பயறு, விதையாக இருந்தபோது இருந்த எடையைவிடக் குறைந்திருக்கும். பருமனாகத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்!

வெளிச்சம் பட்டதும் எல்லாம் மாறுகிறது. தண்டு நீளும் வேகம் சில நிமிடங்களிலேயே குறைய ஆரம்பிக்கிறது. கொக்கி நிமிர்கிறது. இலை விரிகிறது. சில மணி நேரத்தில் பச்சை ஏறுகிறது. பச்சையம் என்ற பொருளைத் தயாரிக்கும் கடைசிக் கட்டம், பூக்கும் செடிகளில் வெளிச்சம் இல்லாமல் நடக்காது. முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டு, வெளிச்சம் வரட்டும் என்று செடி காத்திருக்கிறது. செடி வளர்வதை நம் கண்ணால் பார்க்க முடியாதே என்கிறீர்களா? ஜகதீஸ் சந்திர போஸ் இதற்கென்றே 'கிரஸ்கோகிராப்' என்று ஒரு கருவி செய்தார். அது செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டியது.

இருட்டு முளையை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். எங்கே? அம்மன் கோவில் திருவிழாவில்! முளைப்பாரிக்கு நவதானியங்களை விதைத்து, வெயில் படாத அறையில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்து, பெண்கள் சுற்றி நின்று கும்மி கொட்டி வளர்ப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் தலையில் சுமந்து ஊர்வலம் போகும்போது பார்த்தால், முளைகள் ஒரே சீராக, உயரமாக, இளமஞ்சளாக அசைந்துகொண்டு வரும். அந்த அழகான மஞ்சளுக்குக் காரணம் இருட்டுதான். கடைசியில் அதைக் குளத்திலோ ஆற்றிலோ கரைத்துவிடுகிறோம். யாரும் அதை எடுத்துப் போய் வயலில் நடுவதில்லை!

எட்டு சென்ட் இடம்

வயலில் நடும் நாற்று எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க, கடலூர் மாவட்டத்தில் இருக்கும் சேத்தியாத்தோப்புக்குப் போவோம். சென்னையில் இருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும் ஊர். வெள்ளாறு இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. வீராணம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றிலும் நெல்லும் கரும்பும்தான். எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இங்கேதான் இருக்கிறது.

சம்பா பருவத்துக்கு இங்கே நாற்றங்கால் விடுவார்கள். விதைநெல்லை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி இருட்டான இடத்தில் ஒரு நாள் வைப்பார்கள். வெள்ளையாக முளை எட்டிப் பார்த்ததும் சேற்றில் தூவிவிடுவார்கள். கவனித்தீர்களா? நெல் முளைக்க வெளிச்சம் தேவையில்லை. ஈரமும் கதகதப்பும் காற்றும் இருந்தால் போதும். முளைத்த பிறகுதான் வெளிச்சத்தின் வேலை ஆரம்பிக்கிறது.

ஒரு ஏக்கர் வயலில் நடுவதற்கு எவ்வளவு பெரிய நாற்றங்கால் வேண்டும் தெரியுமா? வெறும் 8 சென்ட்! 100 சென்ட் சேர்ந்தால் ஒரு ஏக்கர். அப்படியானால் ஒரு குடும்பத்தின் ஒரு ஏக்கர் சாகுபடி முழுவதும், 25 நாளோ 30 நாளோ அந்த எட்டு சென்ட் மூலைக்குள் அடங்கியிருக்கிறது. அங்கே நாற்று கெட்டுப்போனால் திரும்ப விதை வாங்க வேண்டும், திரும்ப ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஐப்பசி மழை வந்து நிற்கும். மழை யாருக்காகவும் காத்திருக்காது.

அதனால்தான் நாற்றங்காலுக்கு இடம் பார்க்கும்போது பெரியவர்கள் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள். பக்கத்தில் புளியமரம் இருக்கிறதா? வேலி ஓரத்தில் மூங்கில் இருக்கிறதா? மர நிழல் விழும் மூலையில் நாற்று வெளிறி, ஒல்லியாக, மற்றதைவிட உயரமாக நிற்கும்.

"தாத்தா, அந்த ஓரத்து நாத்துதான் உசரமா இருக்கு. அதை முதல்ல பறிக்கலாமா?" என்று நீங்கள் கேட்டால், தாத்தா சிரித்துவிடுவார். "அது உசரம் இல்லடா கண்ணு, சோனி. நட்டா அப்படியே தண்ணியில படுத்துக்கும்" என்பார்.

நிழலுக்கு மரம்தான் வேண்டும் என்றில்லை. பக்கத்து நாற்றே போதும். நடுத்தர வயதுள்ள நெல் ரகங்களுக்கு ஒரு சென்ட் நாற்றங்காலில் 2 கிலோ விதை தூவினால் போதும் என்று வேளாண் துறையினர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அதிலேயே உள்ளங்கை அகலத்துக்கு இருபது நாற்று வந்துவிடுகிறது. "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு மடங்கு தூவினால்? கூட்டத்தில் சாமி பார்க்க எக்குகிற மாதிரி ஒவ்வொரு நாற்றும் மற்றதைத் தாண்டி எக்கும். எல்லாரும் எக்கினால் யாருக்கும் சாமி தெரியாது. நாற்று அதிகம் கிடைக்கும், ஆனால் எல்லாம் சோனியாக இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பக்கத்து நாற்றின் நிழல் தன் மேல் விழுவதற்கு முன்பே, "ஆபத்து, ஆள் வருகிறது" என்று செடிக்குத் தெரிந்துவிடுகிறது. கண் இல்லை, காது இல்லை, எப்படித் தெரிகிறது?

நுனியில் ஒரு ரகசியம்

இந்தக் கேள்வியின் ஒரு பகுதிக்கு விடை தேடியவர், பரிணாமக் கொள்கையால் உலகப் புகழ் பெற்ற சார்லஸ் டார்வின். வயதான காலத்தில் தன் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து, வீட்டில் புல் முளைகளை வைத்துச் சோதனை செய்தார். கூண்டுப் பறவைகளுக்குத் தீனியாகப் போடுவார்களே, அந்தப் புல் விதை. முளைத்ததும் ஒரு பக்கம் விளக்கை வைத்தால், முளை அந்தப் பக்கம் வளைகிறது. நுனியில் மட்டும் குட்டித் தொப்பி போட்டு மறைத்தார்கள். முளை வளையவே இல்லை! தொப்பியைக் கழற்றிவிட்டு, நுனியை விட்டுக் கீழ்ப்பகுதியை மட்டும் மறைத்தார்கள். இப்போது வளைந்தது! வளைவது கீழே, வெளிச்சத்தைப் 'பார்ப்பது' மேலே நுனியில். நுனியில் இருந்து ஏதோ ஒரு தகவல் கீழே இறங்குகிறது என்று 1880-இல் வெளியான புத்தகத்தில் எழுதினார்கள். அப்போது டார்வினுக்கு 71 வயது.

அந்தத் தகவலைக் கையில் பிடித்துக் காட்டியவர் ஹாலந்து நாட்டு இளைஞர் பிரிட்ஸ் வென்ட். 1926-இல் அவர் ஓட்ஸ் முளைகளின் நுனியை வெட்டி, ஜெல்லி போன்ற ஒரு துண்டின் மேல் கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு நுனியைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த ஜெல்லித் துண்டைத் தலையில்லாத முளையின் ஒரு பக்கமாக வைத்தார். வெளிச்சமே இல்லாத அறையில் முளை வளைந்தது! நுனியில் இருந்து ஏதோ ஒரு பொருள் ஜெல்லியில் இறங்கியிருக்கிறது. அதற்கு 'ஆக்ஸின்' என்று பெயர் வந்தது. ஒரு பக்கம் வெளிச்சம் பட்டால் ஆக்ஸின் நிழல் பக்கம் அதிகமாகச் சேர்கிறது. நிழல் பக்கம் வேகமாக நீள்கிறது. அதனால் முளை வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறது. ஜன்னலில் வைத்த தொட்டிச் செடி தெருவைப் பார்த்துச் சாய்ந்து நிற்பது வேடிக்கை பார்க்க இல்லை!

பக்கத்து ஆளை மோப்பம் பிடிக்கும் கதை அமெரிக்காவில், லெட்யூஸ் என்ற கீரை விதையில் ஆரம்பித்தது. இந்த விதைகளில் சில ரகங்கள் நெல் மாதிரி இல்லை, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். 1952-இல் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் என்ற விஞ்ஞானிகளும் அவர்களுடைய குழுவினரும் இந்த விதைகள் மேல் கொஞ்ச நேரம் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். முளைத்தது. சிவப்புக்குப் பிறகு, நம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் தூரச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். முளைக்கவில்லை. மறுபடி சிவப்பு? முளைத்தது! எத்தனை தடவை மாற்றி மாற்றிப் பாய்ச்சினாலும், கடைசியாகப் பட்டது எதுவோ அதன் பேச்சைத்தான் விதை கேட்டது. நம் வீட்டு சுவிட்ச் மாதிரி. அந்த சுவிட்சுக்குப் பெயர் 'பைட்டோகுரோம்'. செடிக்குள் அது இருப்பதை 1959-இல் கருவி வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

இப்போது நாற்றங்காலுக்குத் திரும்புவோம். பச்சை இலை சிவப்பு ஒளியைச் சாப்பிட்டுவிடுகிறது. தூரச் சிவப்பு அதற்கு வேண்டாம். திருப்பி அனுப்பிவிடும், இல்லாவிட்டால் உள்ளே புகுந்து வெளியே போகவிட்டுவிடும். அதனால் பக்கத்தில் ஒரு பச்சை இலை இருந்தால், அங்கிருந்து வரும் வெளிச்சத்தில் தூரச் சிவப்பு தூக்கலாக இருக்கும். சுவிட்ச் அதைக் கண்டுகொள்கிறது. "இது சுவர் நிழல் இல்லை, இன்னொரு செடி! ஓடு, நீளு!" என்று தண்டுக்கு உத்தரவு போகிறது.

(தோட்டத்தில் மண்ணைக் கொத்திவிட்ட பத்தாம் நாள் களை புசுபுசுவென்று முளைக்கிறதே, அதிலும் இந்த சுவிட்சுக்குப் பங்கு உண்டு. களை விதைகள் பல மிகச் சிறியவை. அவற்றின் கட்டுச்சோறு ஒரு கவளம்தான். ஆழத்தில் முளைத்தால் பாதி வழியிலேயே பசியால் செத்துவிடும். அதனால் வெளிச்சம் தெரிகிறவரை தூங்கும். நீங்கள் மண்ணைக் கிளறும்போது ஒரு நொடி வெளிச்சம் பட்டால்கூடச் சிலவற்றுக்குப் போதும்.)

நீட்டுவதா, காத்திருப்பதா?

சர்க்கரை ஆலை இருக்கும் ஊரில் கரும்பைப் பேசாமல் போனால் கோபித்துக்கொள்வார்கள். இப்போது கரும்பைத் துண்டு துண்டாக வயலில் பதிப்பதற்குப் பதில், ஒற்றைப் பருவை மட்டும் சீவி எடுத்துக் குழித்தட்டில் நாற்று வளர்க்கும் முறை வந்திருக்கிறது. தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுவார்கள். உள்ளே இருட்டு, கதகதப்பு. சுமார் ஒரு வாரத்தில் முளை வெளியே வரும். வந்ததும் தட்டுகளைப் பிரித்து நிழல்வலைக் குடிலில் பரப்பிவிட வேண்டும். இங்கே நாள் கணக்கு முக்கியம். பிரிக்க மறந்தால் உள்ளேயே முளைப்பாரி ஆகிவிடும்!

கரும்புக்கு நிழல் பயம் என்றால் நெல்லுக்கு வெள்ளம் பயம். சேத்தியாத்தோப்பு பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால், வெள்ளாறும் வீராணத்தின் உபரித் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். 2015-ஆம் ஆண்டு கடலூர் மாவட்டத்தில் பெய்த மழையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நட்டுச் சில வாரமே ஆன பயிர் கலங்கல் தண்ணீரில் மூழ்கிவிட்டால், காற்றும் கிடைக்காது, வெளிச்சமும் கிடைக்காது. சமையலறை மூடிவிடுகிறது.

அப்போது சாதாரண நெல் என்ன செய்யும்? ஜாடிக்குள் இருந்த பயறு செய்ததைத்தான் செய்யும். தண்ணீருக்கு மேலே தலையை நீட்டப் பார்க்கும். (இங்கே உத்தரவு போடுவது இருட்டு இல்லை. தண்ணீருக்குள் வெளியேற முடியாமல் செடிக்குள் சேரும் எத்திலீன் என்ற வாயு. ஆனால் செலவு அதே செலவுதான்.) தண்ணீர் மெல்ல ஏறும் இடங்களில் இந்த உத்தி ஜெயிக்கும். வங்கதேசத்தின் ஆழ்நீர் நெல் ரகங்கள் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீண்டு, வெள்ளத்துக்கு மேல் தலையைக் காட்டிவிடும். நம் ஊர் வெள்ளம் அப்படி இல்லை. ராத்திரி வந்து மூழ்கடித்துவிட்டுச் சில நாளிலோ பத்துப் பன்னிரண்டு நாளிலோ வடிந்துவிடும். அதற்குள் கட்டுச்சோற்றையெல்லாம் நீளத்தில் செலவழித்த பயிர், தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகிவிடும்.

ஒடிசாவில் ஒரு பழைய நெல் இருந்தது. வெள்ளம் வந்தால் அது நீளாது. கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்கும். சோற்று மூட்டையை அவிழ்க்காமல் பத்திரமாக வைத்துக்கொள்ளும். தண்ணீர் வடிந்து வெயில் பட்டதும் மறுபடி துளிர்க்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை 2006-இல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். அதன் பெயர் 'சப்-1'. நம் விவசாயிகளுக்குப் பழக்கமான சி.ஆர். 1009 சம்பா ரகத்திலும் அந்தக் குணத்தைச் சேர்த்து, 'சி.ஆர். 1009 சப்-1' என்ற ரகம் வந்துவிட்டது. சுமார் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துவிடக்கூடியது.

சரி, உங்கள் ஜாடிப் பயறு என்ன ஆயிற்று? அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தால் அது பிழைக்குமா? இதை நீங்களே கண்டுபிடியுங்கள். இந்தத் தடவை மூன்று கிண்ணத்தையும் இருட்டில் வையுங்கள். ஒன்றை ஐந்தாம் நாள் வெளியே எடுங்கள். அடுத்ததைப் பத்தாம் நாள். கடைசியைப் பதினைந்தாம் நாள். எது பச்சையாகி நிமிர்ந்தது, எது அப்படியே துவண்டது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். தினமும் பருப்பு இரண்டும் எப்படிச் சுருங்கிச் சுருங்கி உதிர்கின்றன என்பதையும் எழுத மறக்க வேண்டாம்.

முடிந்ததும் அதே சோதனையைப் பயறுக்குப் பதில் வேர்க்கடலையில் செய்து பாருங்கள். வறுக்காத, தோல் கிழியாத விதைக்கடலை வேண்டும். விருத்தாசலம் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. கடலை இருட்டில் பயறைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கிறதா? அப்படியானால், ஏன்?